கணுக்காலைப் பிடித்த கை

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் மெக்கானிக் கதை அளக்கிற ஆள் இல்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் இனி தேறாது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மனிதர் அவர். இது அவருக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், நீச்சல் குளத்தில்.

சில மாதங்களுக்கு முன்பு அவரும் அவர் மனைவியின் தம்பியும் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு, கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலுக்குள் நீந்திப் போனார்கள். மெக்கானிக் முன்னால், மச்சினன் பின்னால். உள்ளே தரை முழுக்க மாவு மாதிரிச் சேறு. அங்கே காலை மேலும் கீழும் அடிக்கக் கூடாது. தவளை போல மடக்கிப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நமக்குத் தெரியாததா என்று மெக்கானிக் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டு போனார். சேறு கிளம்பியது. கண்ணுக்கு நேராக நீட்டிய கை தெரியவில்லை. அவர் எப்படியோ தடவித் தடவி வெளியே வந்துவிட்டார். மச்சினன் வரவில்லை.

"திடீர்னு கலங்கிடுச்சு" என்றுதான் மனைவியிடம் சொன்னார். கலக்கியது யார் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அவரால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. கொன்றுவிட்டோம் என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. கடைசியில், பாழாய்ப் போன இந்தக் காலையாவது திருத்துவோம் என்று குளத்தில் ஒரு மாஸ்டரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். போனவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் குளத்தில் அவரையும் மாஸ்டரையும் தவிர வேறு யாரும் இல்லை. முதுகில் சிலிண்டரோடு அடியில் மிதந்தபடி முழங்காலை மடக்கினார். தள்ளினார். இடது கால் ஒழுங்காக வந்தது. வலது கால் மட்டும் பழைய புத்தியைக் காட்டியது. கீழ்நோக்கி அடித்தது.

ஒரு கை அவருடைய வலது கணுக்காலைப் பிடித்தது.

மெதுவாக வெளிப்பக்கம் திருப்பியது. மாஸ்டர்தான் என்று நினைத்தார். அடுத்தது, நின்ற இடத்திலேயே திரும்பும் பயிற்சி. ஒரு காலை மட்டும் விசிறி உடம்பைச் சுற்ற வேண்டும். பாதி சுற்றினார்.

அந்தக் கோடியில், தண்ணீருக்குள் இரண்டு கால்கள் தொங்கின. மாஸ்டர் கரையில் உட்கார்ந்திருந்தார்.

கை இன்னும் கணுக்காலில் இருந்தது...

வெள்ளை ஓடு பதித்த குளம். தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. சாம்பல் நிறத்தில்...

டக்... டக்...

முதுகில், சிலிண்டர் மேல் யாரோ தட்டும் சத்தம்.

அவர் உதறவில்லை.

கை தானாக விட்டது.

மேலே வந்ததும் மாஸ்டர் சொன்னார்: "இன்னைக்குத்தான் கால் சரியா வந்துச்சு."

"தண்ணி கலங்கலையா?"

"கண்ணாடி மாதிரி இருக்கே."

ஈரத் தலையோடு வீட்டுக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு மனைவியிடம், "அன்னைக்குக் கலக்கினது நான்தான்" என்றார்.

அந்த அம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. தலை துவட்ட ஒரு துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அன்னைக்குக் காலையில அவன் போன் பண்ணான். மாமாவுக்கு வலது கால் சரியா வரலைக்கா, சொன்னா கோவிச்சுக்குவாரு, நான் பின்னாலயே போய்ப் பாத்துக்கறேன்னான்."

எந்தக் கால் என்று மெக்கானிக் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.