அஸ்ரெக் மண்டபத்துக்கு ஒரு வட்டிலப்பக் கிண்ணம்

சனிக்கிழமை காலை 9.40க்கு கனடாவில் நான் இருக்கும் டோர்செட் பார்க்கில் பஸ் ஏறினேன். கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம். மடியில் ஒரு பை, அதற்குள் பித்தளைக் கிண்ணம் நிறையச் சீனி. கென்னடி நிலையத்தில் சுரங்க ரயிலுக்கு மாறினால் நகர நடுவிலுள்ள அருங்காட்சியகம் ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். அங்கே ரஹீம் வருவான்.

நாட்டில், மட்டக்களப்புப் பக்கம், அவனுடையது முஸ்லிம் ஊர், என்னுடையது தமிழ் ஊர், நடுவில் ஒரு தெருதான். பள்ளியில் ஒரே வாங்கில்தான் உட்காருவோம். நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வரும். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, சீனியாவது போட்டுக் கொடுப்போம். கடைசியாக வந்த கிண்ணம் மட்டும் திரும்பிப் போகவில்லை. இரண்டு ஊருக்கும் சண்டை வந்து எங்கள் ஊர்ப் பெடியன்கள் தெருவை மறித்தார்கள். சைக்கிளில் வந்த ரஹீமைத் திருப்பி அனுப்பியவன் நான். கிண்ணத்தை அம்மா கனடாவரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

போன மாதம் மில்லிக்கனில் ஒரு கலியாணத்தில் அவனைக் கண்டேன். ஒன்றுமே நடக்காததுபோலச் சிரித்தான்.

“மச்சான், சரித்திர வாத்தியார் நம்மள வாங்குக்கு மேல ஏத்தின கேள்விக்கு மறுமொழி பார்க்கப் போவமா?”

ஸ்பானியரிடம் அஸ்ரெக் பேரரசு ஏன் வீழ்ந்தது என்பதுதான் கேள்வி. குதிரை, துப்பாக்கி என்று நான் எழுத, அவன் அப்படியே பார்த்து எழுதியிருந்தான்; அதற்குத்தான் இருவருக்கும் அந்தத் தண்டனை.

11.15க்கு அருங்காட்சியகத்தின் அஸ்ரெக் மண்டபத்துக்குள் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் மண்பானைகளும் கல் கத்திகளும். ரஹீம் வீட்டிலேயே படித்துவிட்டு வந்திருந்தான்.

“ஸ்பானியர் சில நூறு பேர்தான்டா. திறை கட்டிக் களைச்ச அயல் ஊர்க்காரர் ஆயிரக்கணக்கில அவங்களோட சேர்ந்தாங்க. அம்மை நோய் வந்து சனத்தை அள்ளிச்சு. கடைசியில பாதையை மறிச்சு, சாப்பாட்டையும் தண்ணியையும்…”

சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

“ரஹீம், அண்டைக்கு உன்னை மறிச்சது பிழை. இத்தனை வருசமா சொல்ல ஏலாமல் திரிஞ்சன்” என்றேன்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அடியில் வெட்டியிருந்த தன் வாப்பாவின் பெயரை விரலால் தடவினான். கண் கலங்கிவிட்டது.

“உம்மா கண்ணை மூடி மௌத்தாகும்வரைக்கும் இதைத்தான் கேட்டா. அவங்க நல்ல சனம், எப்பிடியும் அனுப்புவாங்க எண்டா.”

அவன் ஒரு சிட்டிகைச் சீனியை வாயில் போட்டுக்கொண்டான்.

“பெருநாளுக்கு வட்டிலப்பத்தோட கொண்டுவாறன். இந்தமுறை சுணங்காமல் திருப்பிக் கொடு.”

மாலை 3.20க்கு டோர்செட் பார்க்கில் இறங்கினேன். வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்து, பெருநாளுக்கு இன்னும் நாள் கிடந்தும், ஒரு பை சீனி வாங்கினேன்.