வாரத்துக்கு விட்ட ஆடு

எழுபதுகளின் பிற்பகுதி. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் ஆசிரியராக இருந்தேன். எங்கள் கிறிஸ்தவ ஆலயத்துக்கு அப்போது கீற்றுக் கூரைதான். அறுப்பின் பண்டிகையன்று சபையார் நெல், பூசணி, கோழி என்று தங்களால் முடிந்ததைப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அவற்றை ஏலம் விடுவோம்.

அந்த வருடம், நடவு வேலைக்குப் போகும் ஒரு விதவை தன் சினை ஆட்டை ஓட்டி வந்தாள். மகள் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் ஆட்டைப் படைப்பதாகச் செய்த பொருத்தனை. மகள் பிழைத்துக்கொண்டாள். அவளிடம் இருந்ததே அந்த ஓர் ஆடுதான் என்பது எனக்குத் தெரியும். கறிக்கடைக்காரர் ஏலத்துக்கு வந்து நிற்பதையும் பார்த்தேன். எதையும் இரண்டு முறை கணக்குப் பார்க்கும் நான், அன்று பார்க்காமலே கேட்டுக்கொண்டே போய் ஆட்டை எடுத்துவிட்டேன். பிறகுதான் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். மாதக் கடைசி வேறு.

கயிற்றை அவளிடமே நீட்டினேன். அவள் பின்வாங்கினாள்.

"இன்னா சார் நீங்க? ஆண்டவருக்குக் குடுத்துட்டு, உடனே திருப்பி வாங்கிக்கினு போனா நல்லாவா கீது?"

வேறு வழியின்றி ஆட்டோடு வீட்டுக்குப் போனேன்.

"பூசணிக்காய் வாங்கிக்கினு வருவீங்கன்னு புளி கரைச்சு வெச்சிக்கினு கீறேன். இத்த எங்க கட்டுறது, உங்க மேசையிலயா?" என்றாள் மனைவி.

ஆடு தழையைத் தொடவில்லை. பழைய வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. வயிற்றுக் குட்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குக் கவலை. ஜெபத்துக்கு உட்கார்ந்தால் அங்கேயும் ஆடுதான் வந்தது. அப்போதுதான் எங்கள் பக்கத்து வழக்கம் நினைவுக்கு வந்தது: வாரம். ஆடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர், குட்டிகளில் ஆளுக்குப் பாதி. மறுநாள் அவளிடம் போய்க் கேட்டேன்.

சற்று யோசித்தாள். "வாரத்துக்குன்னா சரி. அது ஒழைக்கிற கூலி. ஆனா மொத குட்டி உங்களுக்குத்தான் சார்."

ஆடு இரட்டைக் குட்டி போட்டது. அடுத்த பண்டிகைக்கு அவள் வந்தபோது, மகள் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மறுபடியுமா? இது உன் பங்காச்சே!"

"உங்களுது வூட்டுல பத்திரமா கீது சார். போன வருசம் பொண்ணுக்காகக் குடுத்தேன். இது உங்களுக்காக."

ஏலம் தொடங்கியது. நான் வாய் திறக்கும் முன்பே பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. என் மனைவி!

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. கவலையும் கணக்கும் குறைந்தபாடில்லை. ஆனால் காணிக்கைப் பை அருகே வரும்போது, சட்டைப்பைக்குள் எண்ணத் தொடங்கும் விரல்கள் அந்தக் குட்டியை நினைத்து, பெரும்பாலும் நின்றுவிடுகின்றன.