நான்கு நாள் கழுவாத கழிப்பறை

1. திரும்பி வந்த ஃபைல்

புனே பக்கம் போசரியில் நான் டீச்சராக இருந்த முனிசிபல் பள்ளியிலிருந்து அரசின் சீரமைப்பு மானியம் கேட்டு ஒரு ஃபைல் அனுப்பியிருந்தோம். மூன்றாவது வாரமே அது திரும்பி வந்துவிட்டது. மேலே பென்சிலில் ஒரு வரி: 'படங்களின்படி நிலைமை திருப்திகரம். அவசரமில்லை.'

நிலைமை அப்படியா இருந்தது? பெண்பிள்ளைகளின் கழிப்பறை நான்கில் இரண்டுக்குக் கதவு கிடையாது. பீங்கான் எல்லாம் விரிசல். மாடி டேங்க் ஓட்டை, குழாயில் ஒரு சொட்டு வராது. ஆனாலும் நான் எடுத்த படங்களில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. காரணம் கஸ்தூரி.

கஸ்தூரி கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகிப் புனே வந்தவர். எங்கள் பள்ளியில் கான்ட்ராக்ட் முறையில் துப்புரவு வேலை. பள்ளி முழுக்க அவரை மராத்தியில் 'மாவ்ஷி', அதாவது சித்தி, என்று கூப்பிடும், நான் மட்டும் 'அக்கா' என்பேன். கீழ்க் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தூக்கி வந்து தினம் இரண்டு வேளை கழுவுவார். கதவில்லாத இடத்தில் தன் பழைய சேலையைக் கிழித்துத் திரை கட்டியிருந்தார்.

விண்ணப்பம் எழுதியது நான். கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்து மிஷன் பள்ளியில் படித்தவள் என்பதால் இங்கிலீஷ் நன்றாக வரும். இந்த மாதிரி எழுத்துவேலை எல்லாம் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் ஃபைலை என் மேஜையில் போட்டு, "இப்ப என்ன பண்றது?" என்று இந்தியில் கேட்டார்.

"நாலு நாள் கழுவாம விட்டுட்டு மறுபடி போட்டோ எடுக்கலாம் மேடம்" என்றேன்.

யோசனை என்னுடையது. மேடம் மேல் பழிபோட எனக்கு வழியில்லை.

2. பூட்டிய அலமாரி

"பொண்ணுங்க எங்க போவும் டீச்சர்?" என்றார் கஸ்தூரி.

"நாலே நாள்க்கா. புதுசு கட்டினா உங்களுக்குத்தானே சுலபம்?"

"எனக்குக் கஷ்டம்னு நான் எப்ப சொன்னேன்? அதுங்க அடக்கிக்கிட்டுக் கெடக்கும். வேணாம் டீச்சர்."

மறுநாள் காலை வழக்கம்போல் துடைப்பத்தோடு வந்து நின்றார். நான் அதை வாங்கி, பினாயில், பிரஷ், வாளி எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டாஃப் ரூம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திரையையும் எடுத்துவிடச் சொன்னேன். அவரே அவிழ்த்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் என் வகுப்புப் பெண்கள் யாரும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கவில்லை. மத்தியானம் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு டெஸ்கில் கவிழ்ந்துவிட்டாள். என்ன என்று கேட்டேன். பதில் சொல்ல வெட்கப்பட்டாள். எனக்குப் புரிந்தது. அலமாரிச் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. மறுநாள் படம் எடுக்க வேண்டுமே என்று திறக்கவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தேன். படங்கள் நான் நினைத்ததைவிட 'நன்றாக' வந்தன.

3. பதில் கடிதம்

மானியம் சாங்ஷன் ஆனது. கூடவே இன்னொரு கடிதமும் வந்தது. என் படங்களை ஒரு மீட்டிங்கில் பெரிய திரையில் பார்த்த மேலதிகாரி ஒருவர், இவ்வளவு அசுத்தத்துக்குக் காரணமான ஆள் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அன்றைக்கே வந்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று கஸ்தூரியிடம் சொல்லிவிட்டார்.

கஸ்தூரி நேராக என்னிடம் வந்தார். "நீங்கதானே கழுவ வேணாம்னீங்க. அத மட்டும் மேல சொல்லுங்க டீச்சர். போதும்."

"சொல்றேன்க்கா" என்று மேடத்தின் அறைக்குப் போனேன்.

"நீ சொன்னா படமே செட்டப்னு ஆயிடும். மானியம் போகும். நம்ம ரெண்டு பேர் மேலயும் என்கொயரி வரும்" என்றார் மேடம். பிறகு கொஞ்சம் தணிந்து, "நந்தர் பகூ" என்றார். மராத்தியில், அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

பதில் கடிதத்தை நானே டைப் செய்தேன். 'சம்பந்தப்பட்ட துப்புரவுப் பணியாளர் மாற்றப்பட்டுவிட்டார்.' பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கஸ்தூரி வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். நான் பின்பக்க கேட் வழியாக வீட்டுக்குப் போனேன்.

டைல்ஸ் பதித்த புதுக் கழிப்பறைகளைத் திறந்த அன்று எனக்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன்.

4. லோக்கல் ரயிலில்

ரிடையர் ஆன பிறகு ஒருநாள் தளேகாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு லோனாவ்ளா லோக்கலில் போய்க்கொண்டிருந்தேன். காசர்வாடியில் ஏறிய கஸ்தூரி என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தளேகாவில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாராம்.

"புது பாத்ரூம்ல தண்ணி வருதா டீச்சர்?"

"வருதுக்கா."

"நல்லது. நீங்க எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மேல இருக்கறவங்க கேக்கலியாமே. சூப்பர்வைசர் சொன்னாரு."

இத்தனை வருஷமாக அவர் அப்படித்தான் நம்பியிருக்கிறார். தலையாட்டிவிட்டு இறங்கிப்போயிருக்கலாம். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"நான் சொல்லவே இல்லக்கா. உங்கள மாத்தியாச்சுன்னு லெட்டர் எழுதினதே நான்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்டார்: "லெட்டர்ல என் பேரு போட்டீங்களா?"

"இல்லக்கா. துப்புரவுப் பணியாளர்னுதான் போட்டேன்."

"பன்னெண்டு வருஷம் வேல செஞ்சேன். பேருகூடப் போடலியா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் தளேகாவில் எனக்கு முன்னால் இறங்கி, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்ட மாதிரி வேகமாக நடந்து போனார்.

அந்த வாரமே நடந்ததை முழுசாக எழுதி, என் கையெழுத்தோடு இலாகாவுக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று முத்திரை குத்திய ரசீது வந்தது, வேறெதுவும் வரவில்லை. பென்ஷன் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்தத் தைரியம் வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மானிய விண்ணப்பம் எழுதும் இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். குறையைக் காட்டுவதற்காக, ஒழுங்காக நடக்கும் வேலையை நிறுத்தாதீர்கள். ஃபைல் திரும்பி வந்தால் ஒரு தனித்தாள் இணையுங்கள். கதவில்லை, தண்ணீர் இல்லை, இருந்தும் இது சுத்தமாக இருக்கக் காரணம் இன்னார் என்று அவர் பெயரைப் போட்டு எழுதுங்கள். அரைப் பக்கம் வரும். அதை எழுதும் அளவுக்கு இங்கிலீஷ் எனக்கு அப்போதே தெரியும்.