இடது கை வளையல்

ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை, காலை ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் என் பனிக்குடம் உடைந்தது. அப்போது எனக்கு ஆறாம் மாதம் முடியவில்லை. வயிற்றில் இரண்டு பிள்ளைகள். பக்கத்து சீட்டில் இருந்த மஞ்சுளா எழுந்து போட்ட சத்தத்தில் டிரைவர் பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கே விட்டுவிட்டார். வழியெல்லாம் நான் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன். தாயே, இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்.

என் பெயர் சுமதி. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. சின்னக் கீறல் இருந்தாலும் ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவேன். வாயும் அதே மாதிரிதான், யாரையும் விடாது. கல்யாணமாகிப் பல வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. குந்தாரப்பள்ளிப் பக்கம் என் மாமியார் ஊர். அங்கே இருக்கிற மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்ட பிறகுதான் கரு தங்கியது. தங்கியது இரட்டையாகத் தங்கியது. ஐந்தாம் மாதமே இரண்டு கையிலும் வளையல் போட்டார்கள். பிள்ளை பிறந்ததும் அந்த வளையலைக் கழற்றி, பிரசவம் பார்த்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எங்கள் வழக்கம் அது.

அன்று மத்தியானமே முதல் பெண் பிறந்துவிட்டாள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியவள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கண்ணாடிப் பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்தவளும் வந்துவிடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

அவள் வரவில்லை. வலி நின்றுவிட்டது.

டாக்டரம்மா மறுபடி மறுபடி ஸ்கேன் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் தனித்தனிப் பை, தனித்தனி நஞ்சுக்கொடி. உள்ள இருக்கிற பாப்பா நல்லா இருக்கு. கர்ப்பப்பை வாயும் மூடிக்கிட்டு வருது. நான் இதைப் படிச்சிருக்கேன், பார்த்ததில்லை. ரொம்ப அபூர்வம்" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். ஆனா கிருமி ஏறிடுச்சுன்னா உங்க உசுருக்கே ஆபத்து. சம்மதமா?" என்றார். நான் தலையாட்டினேன். முதல் பிள்ளையின் கொடியைக் கட்டி, நஞ்சை உள்ளேயே விட்டு, என்னை அசையாமல் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் மாமியார் வந்தார். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்தார். டிரிப்ஸ் போட வலது கை வளையலை நர்ஸ் முன்பே கழற்றிவிட்டிருந்தார். இடது கையில் மட்டும் இருந்தது.

"பெத்தவ கையில வளையல் இருக்கக் கூடாதும்மா. கழட்டிக் குடு."

"வலது கைதான் பெத்திருக்கு அத்தை. இடது கை இன்னும் பெறல. கழட்ட மாட்டேன்."

"என்னாடி பேச்சு இது. ஊர்ல கேட்டா என்னான்னு சொல்றது? புள்ளை பொறந்துச்சுன்னா, பொறக்கலைன்னா?"

"பாதின்னு சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை. போகும்போது அவர் சொன்னதுதான் என்னை உடைத்தது. "வீட்டுல பிள்ளைத் தீட்டு. விளக்கேத்தக் கூடாது. கோயில் பக்கம் யாரும் போகக் கூடாது. நீயும் அம்மன் பேரைச் சொல்லாத." அவரும் அழுதுகொண்டேதான் சொன்னார். அவருக்கும் பயம்.

மூன்றாம் நாள் எனக்குப் பால் ஊறியது. நெஞ்சு கல்லாகக் கட்டியது. மாடியில் என் பிள்ளை சொட்டுப் பாலுக்காகப் படுத்திருக்கிறாள், கீழே என் பால் துணியை நனைக்கிறது. கறந்து கொடுக்கட்டுமா என்று கேட்டேன். கறந்தால் கர்ப்பப்பை சுருங்கும், வலி கிளம்பிவிடும், உள்ளே இருப்பவள் போய்விடுவாள் என்றார்கள். மூத்தவளுக்குக் கொடுத்தால் இளையவள் இல்லை. எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு நிலை வரக் கூடாது. மூத்தவள் தேறுவது கஷ்டம் என்று யாரோ என் கணவரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. நாளெல்லாம் ரிஜெக்ட் போடுகிறவள் நான். என் பிள்ளையை ஒருத்தர் ரிஜெக்ட் போடுவதா? ஆத்திரமாக வந்தது. அழுவதற்கு ஒரு சாமி பேர்கூட இல்லாமல் அழுதேன்.

அன்று மஞ்சுளா பார்க்க வந்தாள். அத்திப்பள்ளிப் பக்கத்துப் பெண். கன்னடம் பாதி, தமிழ் பாதி பேசுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, உங்க வீட்டுத் தீட்டு எனக்கு இல்லல்ல? நான் போறேன். ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது" என்றாள். லீவு போட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத ஊருக்கு பஸ் ஏறிப் போனாள். பூசாரியிடம் நடந்ததைச் சொல்லி, என் பேருக்கு அர்ச்சனை செய்யலாமா என்று கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பூசாரி சொன்னாராம், "வயித்துல புள்ளை இருக்கிறவளுக்கு ஏதும்மா தீட்டு? தீட்டெல்லாம் ரெண்டாவதும் பொறந்த பிறகு எண்ணிக்கலாம். அதுவரைக்கும் அவ கர்ப்பிணி. அம்மனைக் கூப்பிடச் சொல்லு, வாய் வலிக்கக் கூப்பிடட்டும்."

மஞ்சுளா கொண்டு வந்த குங்குமத்தை நெற்றியில் வைத்ததும் எனக்கு உயிர் வந்தது. மறுபடி என்னைப் பார்க்க வந்திருந்த மாமியார், பூசாரி சொன்னார் என்று கேட்டதும் அப்போதே ஊருக்குக் கிளம்பிப் போய், தலைக்குக் குளித்து விளக்கேற்றினார். நான் படுத்தபடியே அம்மனிடம் சண்டை போட்டேன். கெஞ்சவில்லை. நீதானே ரெண்டு கொடுத்தாய், ரெண்டையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

அம்மன் பார்த்துக்கொண்டாள். அந்த வாரமே ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியிலிருந்து மூத்தவளுக்குப் பால் கிடைத்தது. யார் பெற்ற மகளோ, எந்த ஊரோ, என் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். என் பால் வற்றியது. நெஞ்சு ஆறியது. ஆடி கழிந்தது. நடுவில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்து, இன்றே எடுத்துவிடலாம் என்று கத்தியைத் தயார் செய்தார்கள். நான் வளையல் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு தாயே தாயே என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். ரத்தத்தில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுக்கும் உங்க பிடிவாதம்தான்" என்றார்.

ஆவணி கடைசியில் இளையவள் பிறந்தாள். சும்மா பிறக்கவில்லை, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதுகொண்டு பிறந்தாள். நான் இடது கையை நீட்டினேன். அவளைப் பிடித்த நர்ஸ் ஒவ்வொரு வளையலாகக் கழற்றிக்கொண்டார். வலது கை வளையல் ஆடியிலேயே மூத்தவளைப் பிடித்த நர்ஸுக்குப் போயிருந்தது. அவரும் பார்க்க ஓடி வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையில் போட்டுக்கொண்டு என் முன்னால் குலுக்கிக் காட்டினார்கள். மூத்தவள் அதற்குள் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்திருந்தாள். ஆளுக்கொரு மார்பில் இரண்டு பேரையும் போட்டுக்கொண்டேன். வற்றியது என்று நினைத்த பால் இரண்டு பேருக்கும் ஊறியது.

ஆடியில் ஒருத்தி, ஆவணியில் ஒருத்தி. இரட்டை என்று சொன்னால் ஊரில் நம்புவதில்லை. "ஏதோ அக்கா தங்கச்சியைத் தூக்கிக்கிட்டு வந்து கதை விடுறா" என்கிறார்கள். மாமியார்தான் இப்போது எனக்காகச் சண்டை போடுகிறார். "எங்க வீட்டுப் புள்ளைங்க தவணை முறையில பொறந்துச்சுங்க, உங்களுக்கென்ன?" என்கிறார்.

பிள்ளைகள் குடித்தது போக மிச்சம் இருந்த பாலைப் பல மாதம் அந்த வங்கிக்குக் கொடுத்து வந்தேன். இந்த ஆடியில் பால்குடமும் எடுத்தேன். மஞ்சுளா இளையவளைத் தூக்கிக்கொண்டாள், மாமியார் மூத்தவளை. பூசாரி குடத்தை வாங்கிக்கொண்டு, "இதுதான் பாக்கியாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, பாதியை ஏற்கெனவே செலுத்திட்டேன்" என்றேன். பால் வங்கியைச் சொன்னதும் சிரித்தார்.

இதைப் படிக்கிற யாராவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கலாம். கூப்பிட நமக்குத் தகுதி இல்லை, நேரம் சரியில்லை, தீட்டு என்று நினைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். மூடாதீர்கள் அம்மா. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், அசையாமல் படுங்கள், அம்மனைக் கூப்பிடுங்கள். உங்களால் போக முடியாவிட்டால் உங்களுக்காக பஸ் ஏறிப் போக ஒருத்தியை அவளே அனுப்புவாள். உள்ளே இருக்கிற பிள்ளை வரும்வரை கை வளையலைக் கழற்றாதீர்கள்.