கொம்பையா வீட்டுக் காதுவெட்டு

நாகலாபுரத்துக் கொம்பையாவுக்குச் சர்க்கார் என்றாலே ஆகாது. ஆட்டைப் பிடித்து அடைக்கத்தானே அது அவரைத் தேடி வந்திருக்கிறது! அப்படிப்பட்ட மனுசன் போன தையிலிருந்து ஒரு சட்டத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்.

இலங்கையோடு படிப்பிலும் பிழைப்பிலும் கூட்டுச் சேர வந்த சட்டம். இங்கிருந்து, உடம்பெல்லாம் செம்புள்ளி விழுந்த பொட்டு ஆட்டுக் குட்டிகள் கப்பலேறும். குட்டி கொடுக்கிற வீட்டுப் பிள்ளை அங்கே போய்க் கால்நடைப் படிப்பு படிக்கலாம், செலவில்லாமல்.

கொம்பையாவின் மகள் சுடலைச்செல்வி பன்னிரண்டு முடித்ததிலிருந்து ஆட்டுக்குப் பின்னால்தான் அலைகிறாள். படிப்புப் பேச்சையே விட்டிருந்தாள். கால்நடை டாக்டர் ரேணுகாதேவி வந்து, குட்டிகளைத் தேர்ந்தெடுத்து, உனக்குச் சீட்டு உறுதி என்று சொன்ன அன்றுதான் அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. ஊரே அவளை டாக்டரம்மா என்று கேலி பண்ணியது. அவளுக்கும் அது பிடித்திருந்தது.

டாக்டர் குட்டிகளின் வலது காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை மாட்டினார். கப்பலேறும்வரை கிடையில் விடாமல் தனியே வளர்க்கணும், உடம்பில் காயம் இருந்தால் அந்தக் கரையில் இறக்க விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கொம்பையா குட்டிகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்.

ஆனால் கரிசலில் நாலு வீட்டு ஆடு ஒரே கிடையில் படுக்கும். எது யாருடையது என்று காதுவெட்டுதான் சொல்லும். கொம்பையா வீட்டுக்கு இடது காது நுனியில் முக்கோண வெட்டு. கிடைக்கு விடுமுன் வெட்டுவது வழக்கம். இந்தக் குட்டிகள் கிடைக்கே போகாததால் வெட்டாமல் நின்றன. வெட்டில்லாத குட்டியைக் கடல் தாண்டி அனுப்புவதா? குட்டிகளை ஏற்ற லாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொடுக்க, அவர் வெட்டி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார். காயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எந்த ஆட்டுக்காரனுக்குத் தோன்றும்? அவளுக்கும் தோன்றவில்லை.

காலையில் லாரியோடு வந்த ரேணுகாதேவி குட்டிகளைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்தார்.

“என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டிய?”

“அடையாளம்தானம்மா. நீங்க வில்லை மாட்டுனதும் ஓட்டை போட்டுத்தான?”

“அது ஆறிட்டு அண்ணாச்சி. இது பச்சைப் புண்ணுல்லா.”

அந்த அம்மா யார் யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சினார். புண் ஆறினதும் அனுப்பலாமே என்று கேட்டுப் பார்த்தார். இனிமேல் கப்பல் கிடையாது, குளத்தூரில் வேறொரு மந்தை தயாராக இருக்கிறது என்று பதில் வந்தது. குட்டி போனால்தான் சீட்டு. அதுதான் சட்டம். லாரி வெறுமையாகக் குளத்தூருக்குப் போனது.

என் கையாலேயே கெடுத்தேனே பாவி என்று கொம்பையா தலையில் அடித்துக்கொண்டார். மகள் ஏசுவாள் என்று பார்த்தார். ஏசித் தொலைக்கமாட்டாளா என்றுகூட இருந்தது. அவள் தொழுவத்தைத் திறந்துவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“யப்பா, இன்னைக்கு எந்தப் பக்கம் பத்தணும்?”

தினமும் கேட்கிற கேள்விதான்.