கோட்டை வாசலில் துண்டு

திருச்சுழிப் பக்கம் ஒரு கரட்டின் உச்சியில் ஜமீன் கோட்டை இருந்தது. மேலே ஏறுகிறவர்கள் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதைக் கவனிக்கவே நரைமீசைக் காவல்காரர் ஒருவர் வாசலில் நிற்பார்.

நாற்பத்திரண்டாம் வருஷம், வெள்ளைக்காரன் தடைசெய்த கொடியை அங்கே ஏற்றுவதற்காக வேட்டிக்குள் சுருட்டிக்கொண்டு போனேன். பிடிபட்டால் ஜெயில்.

"துண்டை எறக்குங்க" என்றார் காவல்காரர்.

பயத்தில் வேட்டியையே இறக்கிவிட்டேன். கொடி அவர் காலடியில் விழுந்தது. எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"துண்டுக்குத்தான் உத்தரவு. இதுக்கு ஒண்ணுஞ் சொல்லலியே. மொதல்ல வேட்டியக் கட்டுங்க."

அன்று கொடி ஏறிவிட்டது.

சுதந்திரத்தன்று ஊரே அந்த உச்சியில் கூடியது. அவரோ வாசலில், இடுப்பில் கட்டிய துண்டோடு நின்றார்.

"இனிமே எல்லாரும் சமம். தோள்ல போடுங்க அண்ணாச்சி" என்று அதட்டினேன்.

"மொதல்ல நீங்க போட்டுக்கிடுங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் துண்டும் இடுப்பில்தான் இருந்தது. எப்போது கட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.