கோதுமை மாவு பூசிய ஜாடி

ஆறேழு வருடங்களுக்கு முன், எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் நடந்தது இது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம், ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று போர்ஷன்கள் இருந்த இடத்தில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரர். என் கணவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. எங்கள் பெண் குழந்தைக்கு ஒன்றரை வயது. அவள் தும்மினால் ஜுரமோ என்று பயப்படுவேன். அசையாமல் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்ட சுபாவம் எனக்கு.

பக்கத்து போர்ஷனில் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர் இருந்தார். கணவர் ராணுவத்தில். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் பயங்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்பவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவும் நானும் எதிர் போர்ஷன் டீச்சரும் அவரவர் சமைத்ததைக் கொண்டுவந்து, அக்கா வீட்டுக் கூடத்தில் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

அக்கா வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவார். இருட்டும் நேரத்தில் தள்ளுவண்டிக்காரர் மலிவாகத் தள்ளிவிடும் பன்னீர் திராட்சைதான் அதற்கு முதல். அதோடு சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. பண்டிகை போக மீந்தது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வரும். எவர்சில்வர் தம்ளரில் கால் பாகம், அவ்வளவுதான். அக்காவுக்கு மீன் குழம்போடு, டீச்சருக்கும் எனக்கும் கத்தரிக்காய்க் காரக்குழம்போடு. முதல் தடவை குடித்தபோது இனிப்பும் புளிப்புமாக இறங்கி, காது மடல் சூடானது. தப்பு செய்கிறோமோ என்று யோசித்துக்கொண்டே மிச்சத்தையும் குடித்தேன். மதுவிலக்கு இருந்த காலம் என்பதால் கதவைச் சாத்திக்கொள்வோம். என் கணவருக்குத் தெரியும். "உங்க கச்சேரிய நீங்க நடத்துங்க, என்னை ஆள வுடுங்க" என்று சிரித்துவிட்டு ரேடியோ பக்கம் போய்விடுவார்.

அந்த வருடம் அக்கா ஜாடியில் திராட்சை போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. கிளம்பும்போது ஜாடியை என்னிடம் கொடுத்தார்.

"மக்ளே, தெனமும் ஒருக்கா மரக்கரண்டியால கிண்டிவிடு. மெல்லிசு துணி கட்டினாப் போதும். மூடி மட்டும் போட்டு இறுக்கிராத, காத்து போக வழி வேணும்."

தலையாட்டினேன். ஆனால் நான்கு நாளில் தீபம். எங்கள் ஊரில் தீபம் என்றால் யார் வீடும் அவரவர் வீடாக இருக்காது. கீழ்பென்னாத்தூரிலிருந்து என் மாமியாரும் உறவுக்காரர்களுமாகப் பதினாறு பேர், வேர்க்கடலை மூட்டையோடு வந்து இறங்கினார்கள். எல்லோரும் விரதம். ஜாடியிலிருந்து புளித்த வாசனை வந்துகொண்டிருந்தது. அத்தை இரண்டு தடவை மூக்கை உறிஞ்சி, "இன்னாம்மா, மாவு பொங்கிடுச்சா?" என்று கேட்டார்.

 யாரும் பார்க்காத நேரத்தில் ஜாடியை மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, விளிம்பைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து பூசினேன். கயிற்றுக் கட்டிலுக்கடியில் தள்ளி, முன்னால் பழம்புடவையைத் தொங்கவிட்டேன். வாசனை நின்றது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

தீபத்தன்று நாலு மணி இருக்கும். வாசலில் அகல்களுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே 'டமார்' என்று ஒரு சத்தம். குழந்தை அந்தக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். சுவரெல்லாம் சிவப்பு. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்த குழந்தையின் கவுனும் சிவப்பு. ரத்தம் என்றே நினைத்தேன். வாரி எடுத்து, தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஜாடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. குழந்தையை என் கணவரிடம் கொடுத்துவிட்டு, யாராவது மிதிப்பதற்கு முன்னால் சில்லுகளைப் பொறுக்கினேன். வலது உள்ளங்கையில் ஒன்று ஆழமாக இறங்கியது.

அத்தை நிலைப்படியில் நின்று முகர்ந்தார்.

"இது இன்னா நாத்தம்? தீபத்தன்னைக்கு வூட்டுல சாராயமா?"

பதினாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது அத்தை. பக்கத்து வீட்டு நர்ஸ் வச்சிட்டுப் போனாங்க. உள்ள இன்னா இருக்குன்னுகூடச் சொல்லல."

இப்போது எழுதும்போதும் கூசுகிறது. என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.  கையைப் புடவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டேன்.

அத்தை நேராக மாடிக்குப் போனார். வீட்டுக்காரர் ஏற்கெனவே போலீசுக்குப் பயந்தவர். "அந்தம்மா வரட்டும், வந்ததும் காலி பண்ணச் சொல்லிடறேன்" என்று படியிலேயே சத்தமாகச் சொன்னார். அன்று மாலை மலையில் தீபம் ஏறியபோது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான்கு நாள் கழித்து, அத்தையும் மற்றவர்களும் ஊருக்குக் கிளம்பிப் போன அன்று அக்கா வந்தார். அப்பா போய்விட்டார். வெள்ளைப் புடவை, கையில் ஒரு பை. அவர் பையைக் கீழே வைப்பதற்குள் வீட்டுக்காரர் இறங்கி வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பூட்டைத் திறந்தார்.

பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். மூடியை இறுக்கியது, ஜாடி வெடித்தது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"இதென்ன கட்டு? பழந்துணியா சுத்தியிருக்க? எங்க, காட்டு."

அவிழ்த்தார். சீழ் கோத்திருந்தது. நான்கு நாளாக அந்தக் கையால்தான் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா வெந்நீர் வைத்துக் கழுவி, உள்ளே தங்கியிருந்த சில்லை எடுத்து, மருந்து வைத்துக் கட்டினார். அப்பாவைப் புதைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர். இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

"அழாத மக்ளே. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்லா, அது போதும். வீடு வேற பாத்துக்கலாம்."

அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கட்டின கையோடு மாடிப்படி ஏறினேன். 

"ஐயா, ஜாடிய இறுக்கி மூடினது நானு. அதுல இன்னா இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். போன வருஷம் நானும் குடிச்சேன். எங்க அத்தைக்குப் பயந்துக்கினு பொய் சொல்லிட்டேன். காலி பண்ணச் சொன்னா எங்களையும் சொல்லுங்க."

 உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "நீயா? நீயா குடிச்ச?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமையானா கதவைச் சாத்திக்கினு சிரிக்கிறாளுங்களேன்னு பாத்தேன். மேல ஒருத்தி குந்தியிருக்காளேன்னு தோணலையாடி உங்களுக்கு?"

"நீ கம்முனு இரு" என்று வீட்டுக்காரர் அதட்டினார். ஆனால் அந்த அதட்டலில் பழைய வேகம் இல்லை. "இனிமே இந்தக் காம்பவுண்டுல அந்த வேலை கூடாது" என்பதோடு முடித்துக்கொண்டார். அக்கா அங்கேயே இருந்தார். அத்தைக்கு உண்மையை இன்லண்ட் லெட்டரில் எழுதிப் போட்டேன். பொங்கலுக்கு அவர் வரவில்லை.

அதன் பிறகு எங்கள் ஞாயிறு சாப்பாட்டில் மோர்தான். வீட்டுக்கார அம்மாவும் ஒரு கிண்ணம் கூட்டோடு இறங்கி வந்து உட்கார ஆரம்பித்தார்.

இன்று என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் எதையாவது போட்டு உடைத்துவிட்டு, திட்டுவேனோ என்று பயந்து நிற்கும்போது, கோபம் நாக்கு நுனி வரை வருகிறது. ஆனாலும் முதலில் அவள் கையைப் பிடித்து விரித்துப் பார்க்கிறேன்.